தரகு

ஆஸ்பத்திரி மதிலில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது:
தரகர்களிடம் ஏமாறாதீர்.
அதற்குக் கீழே நின்றுதான் நான் டீ குடிப்பது.
காலையில் நிழல் அங்கேதான் விழுகிறது.

காட்பாடியில் ஹவுரா வண்டி நிற்கும் நேரத்துக்குள்
ஸ்கேன் கவரை மார்போடு அணைத்திருக்கும் கைகளைக்
கண்டுபிடித்துவிடுவேன்.
"ரூம் லாக்பே, தாதா?"
பதினோரு வருஷத்தில் அந்த ஊர்ப் பேச்சு
மீன் முள் மாதிரி தொண்டையில் தங்கிவிட்டது.
லாட்ஜுக்காரன் ராத்திரிக்கு நாற்பது ரூபாய் தருவான்.
முகத்துக்கு நேராக தாதா என்கிறவர்கள்
முதுகு திரும்பியதும் தாலால் என்பார்கள்.
அதைத் துப்புகிற விதத்திலேயே
அர்த்தம் கேட்கத் தேவையில்லை.

இருந்தாலும் கேட்டேன்.
பேரீச்சம்பழக் கடை ஜுனைத்,
எட்டாவதில் என்னோடு ஃபெயிலாகி
மதரஸாவில் அரபி படித்துத் தேறியவன்,
தராசைப் பார்த்தபடியே சொன்னான்:
"தலால்னா வழி காட்டுறவன்டா.
தலீல்னு ஒரு சொல், அதுக்குப் பங்காளி.
தலீல்னா அத்தாட்சி."
"நானா அத்தாட்சி?"
"சொல்லைச் சொன்னேன். உன்னை இல்ல."

தமிழ்ச் சொல்லுக்கு யாரையும் கேட்கவில்லை.
தா, தரு, தரகு.
நானாகக் கோத்துக்கொண்டது, சரியோ தப்போ.
தருகிறவன் ஒருத்தன், வாங்குகிறவன் ஒருத்தன்.
சும்மா நடுவில் நிற்கிறவன் பேரில்
தருவது எப்படி வந்து ஒட்டிக்கொண்டது?

கும்பெனிக்காரனுக்குப் பேச்சு மாற்றிச் சொன்னவன் துபாஷி,
இரண்டு பாஷைக்காரன்.
கோட்டை அகழியைத் தாண்டும்போதெல்லாம் நினைப்பேன்,
எந்த பாஷையில் அவன் பொய் சொல்லியிருப்பான் என்று.

அப்பா பொய்கைச் சந்தையில் மாட்டுத் தரகு.
செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்பே
துண்டை விரித்து அதற்கடியில் கை கோத்திருப்பார்.
விரல் விலை பேசும்.
வாய் அந்நேரம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்,
சுற்றி நிற்கிறவர்களுக்காக.

நிதாய் மண்டல், மால்தா ஜில்லா.
படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம்.
"தாலால்" என்றார் படுத்தபடியே,
"மாட்டு ஹாட்டில், இருபத்தாறு வருஷம்."
துப்பாமல் சொன்னார்,
சொந்தப் பேரைச் சொல்வது போல.
நான்தான் கூசி
வியாபாரம் என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் கூப்பிட்டார்.
"இவங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க.
கல்லீரல் முழுக்கப் பரவிடுச்சு.
ரெண்டு மாசம்.
ஊருக்குக் கூட்டிட்டுப் போறது நல்லது."

அவர் மனைவி ஷெஃபாலி என் வாயையே பார்த்திருந்தாள்.
இந்தக் கரையில் அந்த வாக்கியத்தைத் தூக்கி
அந்தக் கரையில் இறக்கினேன்:
"ஊருக்குப் போகலாமாம்."
நடுவில் நான் எடுத்துக்கொண்டதில்
முக்கியமானது இரண்டே சொல்.

அவள் சிரித்துவிட்டாள்.
கீழ் பெர்த் கிடைக்குமா என்றாள்.

அவர் சிரிக்கவில்லை.
போர்வைக்கு அடியிலிருந்து ஒரு கை நகர்ந்து வந்து
என் கையைத் தேடிப் பிடித்தது.
ஆள்காட்டி விரலைத் தொட்டு, விட்டு,
காத்திருந்தது.

"உங்க ஊரில் மழை எப்படி?" என்றது அவர் வாய்.

"எங்கே மழை? பாலாறு மணலாத்தான் கிடக்கு"
என்று வங்காளத்தில் சொல்லிக்கொண்டே
இரண்டு விரலைக் கொடுத்தேன்.

ஒரு தடவை அழுத்தினார்.
பேரம் படிந்தால் அப்பா அப்படித்தான் அழுத்துவார்.

வெளியே வந்ததும் ஷெஃபாலி
முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய் நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.